குழாய் யாருடையது?

பம்பாயில் (சரி, மும்பைதான், வாய் பழகிவிட்டது) ஹவுசிங் சொசைட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதன் முதல் வேலை தண்ணீர். மாநகராட்சி கேட் வரைக்கும் கொண்டுவந்து விடும், அதுவும் அவர்கள் சொன்ன நேரத்தில். அதற்கு மேல் கீழ்த்தொட்டி, மோட்டார், மொட்டைமாடித் தொட்டி, அங்கிருந்து வீட்டுக்கு வீடு இறங்கும் குழாய் எல்லாம் சொசைட்டியுடையது. மோட்டார் புகைந்தால் எல்லோரும் சேர்ந்து அழவேண்டியதுதான். ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, "குழாயை ஒரு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம், அவர் கேட்கிற காசைக் கொடுத்துக் குடிப்போம்" என்று மீட்டிங்கில் சொன்னதில்லை. சொன்னால் செருப்பு பறக்கும்.

இன்டர்நெட்டில் அதைத்தான் செய்து வைத்திருக்கிறோம்.

திலக் நகர் தெரியாதவர்களுக்கு: ஹார்பர் லைனில் குர்லா தாண்டி, செம்பூருக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால். ஊருக்கு ரயில் ஏற லோகமான்ய திலக் டெர்மினஸ் போகிறோமே, அதற்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடா வாரியம் கட்டிக்கொடுத்த பழைய காலனி. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியபோது எல்லாம் குட்டையான கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. இப்போது வரிசையாக இடித்து உயரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கட்டடமும் அப்படி எழுந்ததுதான். 14 மாடி, 56 வீடு. மராத்திக்காரர்கள் பாதி, குஜராத்தி கொஞ்சம், நம்மவர்கள் ஒன்பது வீடு. அதில் பாலக்காட்டு மாமி ஒருவர், அவர் ஒருவரே மூன்று வீட்டுக்குச் சமம்.

பழைய கட்டடத்தில் இருந்தபோது நெட் எப்படி வந்தது என்று நினைத்தால் சிரிப்புதான். கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. 1998 கடைசியில் தனியாரும் வரலாம் என்றார்கள். அதற்கப்புறம் கொஞ்ச வருஷத்தில் மும்பை முழுக்க கேபிள் டிவிக்காரர்களே நெட்டும் கொடுக்க ஆரம்பித்தார்கள். மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி, மாமரக் கிளை விட்டு மாமரக் கிளை நீல வயர் போகும். மழை பெய்தால் போச்சு, காக்கா உட்கார்ந்தால் போச்சு. ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. இவன் சரியில்லையென்றால் பக்கத்துத் தெருக்காரனைக் கூப்பிட்டால் அன்று சாயங்காலமே ஒரு பையன் வயர் சுருளோடு மாடி ஏறிவிடுவான்.

புதுக் கட்டடத்தில் அது முடியாது. பளிங்குத் தரை, பொய்க்கூரை, சுவருக்குள்ளே போகும் குழாய். பில்டர் கட்டும்போதே ஒரு கம்பெனியோடு பேசி, அவர்கள் கேபிளை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார். கம்பெனி பெயர் எதற்கு, யாரை வைத்திருந்தாலும் இதே கதைதான். வேறு யாராவது வந்தால், "டக்ட்ல இடம் இல்லை" என்று ஒரே பதில். மாதக் காசு ஏறிக்கொண்டே போனது, வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. 100 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருப்பார்கள், ராத்திரி எட்டு மணிக்கு அது கம்பவுண்டர் அளவுக்குக்கூடத் தேறாது.

எனக்கு ஆபீஸ் ஆணி பிடுங்க மொபைல் டேட்டா போதும், எப்படியோ சமாளிப்பேன். எரிந்தது வேறு விஷயத்தில். ஊரிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். "எய்யா, மொகத்தையே காணலியே, கட்டங்கட்டமாத் தெரியுது" என்பாள். மூன்றாவது மாடி ஆஜிக்கு மகன் மஸ்கட்டில். அவருக்கும் அதே கட்டம்தான். பத்தாவது மாடிப் பெண் ஒரு வேலைக்கு நேர்முகத்தேர்வில் இருக்கும்போது நடுவில் அறுந்து, திரும்ப வருவதற்குள் அவர்கள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். அன்று லிஃப்டில் அந்தப் பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கமணி வீட்டுக்கு வந்து, "நீங்கள்தான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, எல்லோரையும் கூட்டி ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள். வீட்டு உத்தரவு, மீற முடியுமா?

"சொந்தமாக இன்டர்நெட்" என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இதெல்லாம் நம்மால் ஆகுமா? வெளிநாட்டில் ஆகும்". ஆகும் என்பதற்கு நம்மூர்க் கதை ஒன்றே இருக்கிறது. மீட்டிங்கில் அதைத்தான் முதலில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்கள் என்று ஆரம்பித்தது. வில்லியனூர் மையப்புள்ளி. அங்கிருந்து சுற்றுப்பட்ட ஊர்களுக்கு ரேடியோ வழியாகத் தகவல் போகும், ஏனென்றால் போன் லைன் நம்ப முடியாத காலம் அது. மின்சாரமும் அப்படித்தான், அதனால் சோலார். நிறுவனம் வைத்த நிபந்தனைகள்தான் எனக்குப் பிடித்தவை. இடம் ஊர் கொடுக்கவேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் ஊரிலிருந்து வரவேண்டும், அதில் பெண்கள் நிறைய இருக்கவேண்டும். எந்தச் சாதிக்காரரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமாக இருக்கவேண்டும். எம்பலத்தில் கோயில் இடத்தில் வைத்தார்கள், பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். படகை இறக்கலாமா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவு செய்வார்கள். யோசித்துப் பாருங்கள், உலகத்தின் பெரிய கடற்படை யாருக்காகவோ போட்ட கணக்கு, நம்ம ஊர் கட்டுமரத்துக்கு உபயோகம்!

அதே ஏற்பாடு நல்லவாடு என்ற ஊரிலும் இருந்தது. 2004 டிசம்பர் 26. அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்கே செய்தியில் சுமத்ரா பூகம்பத்தையும் அலையையும் பற்றிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு போன் போட்டிருக்கிறார். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடுங்கள் என்றிருக்கிறார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்துக்கு ஓடி (பூட்டை உடைத்துத் திறந்தார்கள் என்றும் சொல்வார்கள்) அந்த ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்லிவிட்டார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. ஊரில் இருந்த 3,600 சொச்சம் பேரில் ஒரு உயிர் போகவில்லை.

வெளியூரில் இருந்து வீட்டுக்கு போன் போடுகிற நமக்கெல்லாம் இந்தக் கதை நெஞ்சில் ஒரு இடத்தில் போய் உட்காரும். போன் அடித்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். மீதி 3,600 பேருக்கு அது போய்ச் சேர, ஊர்ப் பொதுவில் ஒரு ஒலிபெருக்கி இருக்கவேண்டியிருந்தது. அதை எடுக்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஒரு பக்கம் மட்டும் பேசினால் சரியில்லை. 2001-லிருந்து மதுரை மேலூர் வட்டாரத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து ஊர் ஊராக இன்டர்நெட் கடை போட்டார்கள். வேகம் 35, 70 கிலோபிட்தான், ஆனால் அன்றைக்கு அது பெரிசு. கடைகளைப் பெரும்பாலும் தனி ஆட்கள் கடன் வாங்கி நடத்தினார்கள். கொஞ்ச வருஷத்தில் பெரும்பாலான கடைகள் மூடிவிட்டன. வருமானம் பத்தவில்லை, ரிப்பேருக்கு ஆள் இல்லை. அதனால் கருவி இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து வை-ஃபையையே பல கிலோமீட்டர் இழுத்து, கிராமத்து நோயாளியைத் தேனி டாக்டர் வீடியோவில் பார்க்கும்படி செய்தது. அது நின்றதற்குக் காரணம் ஆண்டெனா மட்டுமில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார்கள்.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று கேட்டார்கள், கொடுத்தேன். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் மலையும் ஆடும்தான். பெரிய கம்பெனிகள் கேபிள் இழுக்க மாட்டேன் என்றன. 2011-ல் ஊர்க்காரர்கள் பிஃபோர்ன் என்று ஒரு சங்கம் பதிவு செய்தார்கள். பங்கு ஒரு பவுண்டு. விவசாயிகள் தங்கள் நிலத்தில் இலவசமாகத் தோண்ட விட்டார்கள், தாங்களே மண்வெட்டியும் டிராக்டருமாக இறங்கினார்கள், உழைப்புக்கு ஈடாகப் பங்கு வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆட்டுக்கொட்டகைக்கு வினாடிக்கு 1000 மெகாபிட் ஃபைபர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நம்ம சொசைட்டி மாதிரியே.

அமெரிக்காவில் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊர் 2017 நவம்பரில் ஓட்டுப் போட்டு ஊராட்சியே நெட் கொடுக்கட்டும் என்று முடிவெடுத்தது. எதிர்த்தவர்கள் லட்சக்கணக்கான டாலரை இறைத்தார்கள். ஆதரித்தவர்கள் கையில் சில ஆயிரம்தான். வீடு வீடாகப் போய்ப் பேசி ஜெயித்தார்கள்.

வீடு வீடாகப் போவது நமக்குப் புதுசா என்ன? எங்கள் ஊரில் கொடை என்றால் தலைக்கட்டு வரி. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு, பணக்காரன் ஏழை பேதமில்லை, முடியாதவனுக்கு ஊர் சேர்ந்து போடும், நோட்டில் ஒரு பெயர் விட்டுப்போகாது. இங்கே கணபதிக்கு வர்கணி. எங்கள் ஏரியாப் பந்தல் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு கோயிலையோ அரண்மனையையோ அப்படியே நிறுத்துவதற்குப் பேர்போனது. பிள்ளையாரைப் பொதுவில் கொண்டாடும் வழக்கத்தை 1893 வாக்கில் பரப்பிய திலகர் பெயரில் இருக்கிற நகர் வேறு. பிள்ளையாருக்கு முடிகிறது, ஃபைபருக்கு முடியாதா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் சேர்மன் கேட்கப்போவது அதைத்தான். ஒரு பெரிய இணைப்பு வாங்கி 56 வீட்டுக்கும் பிரித்து விற்பது நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டிய வேலை. சொசைட்டி அதில் இறங்கக்கூடாது. ஆனால் இரண்டு வழி திறந்திருக்கிறது. ஒன்று, கட்டடத்துக்குள் போகும் ஃபைபரை சொசைட்டியே போட்டு வைத்துக்கொள்வது. கீழே ஒரு பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இழை. லைசென்ஸ் உள்ள எந்தக் கம்பெனியும் கீழே பெட்டி வரைக்கும் வரலாம். மேலே யாருக்கு யார் வேண்டும் என்பது அந்த வீட்டுக்காரர் இஷ்டம், மாற்றவேண்டுமென்றால் பெட்டியில் ஒரு இழையைப் பிடுங்கி அடுத்ததில் செருகினால் முடிந்தது. கட்டடத்துக்குள் ஒரே கம்பெனிக்குக் கதவைத் திறந்து மற்றவர்களை நிறுத்துவது கூடாது என்று டிராய் 2017-லேயே அரசுக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறது. இரண்டாவது வழி, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வாணி. பழைய எஸ்.டி.டி. பூத் மாதிரி, டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல், கட்டணம் இல்லாமல் வை-ஃபை வைத்து ஐந்துக்கும் பத்துக்கும் கொடுக்கலாம். அவர் இணைந்துகொள்ளும் நடுவர் நிறுவனம்தான் அரசிடம் பதிவு செய்யவேண்டும்.

ஃபைபர் போட எஸ்டிமேட் வாங்கினேன். வீட்டுக்கு 4,000 வீதம் மொத்தம் 2 லட்சத்து 24 ஆயிரம்.

ஒரு மாதம் சாயங்காலங்களில் படி ஏறி இறங்கினேன். லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். மேலிருந்து படியில் இறங்கி வந்தால்தான் ஒரு வீடும் விடாது. டீயே முப்பது நாற்பது ஆகியிருக்கும். தொழில்நுட்பம் பேசினால் யாரும் கேட்கவில்லை. "உங்கள் மகன் முகம் தெளிவாகத் தெரியவேண்டாமா" என்றால் ஆஜி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஐந்தாவது மாடி குஜராத்தி சேட், கணக்கை மட்டும் பார்த்தார். மூன்று கம்பெனி போட்டி போட்டால் மாதம் எவ்வளவு மிச்சம், 4,000 எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தாளின் ஓரத்தில் கிறுக்கிவிட்டுக் கையெழுத்து. பாலக்காட்டு மாமி மட்டும், "அந்தப் பெட்டி கெட்டுப்போனா யார் பாப்பா? நீ ஊருக்குப் போயிட்டா?" என்றார். இருந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான். மேலூர்க் கடைகள் மூடியது அங்கேதானே. அதனால் பத்தாவது மாடிப் பெண்ணையும் இன்னும் இரண்டு காலேஜ் பசங்களையும் சேர்த்து, பெட்டியைத் திறந்து இழை மாற்றக் கற்றுக்கொள்ளச் சொல்லிப் பேசிவைத்தேன். வருஷப் பராமரிப்பு லிஃப்ட் மாதிரியே மெயின்டனன்ஸ் பில்லில் ஏறும். மாமி அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். போட்டது மட்டுமா, அடுத்த நாளே நான்கு கையெழுத்து வாங்கிக்கொண்டும் வந்தார்.

பொதுக்குழு வழக்கம்போல. கோரம் இல்லை என்று அரை மணி நேரம் ஒத்திவைத்து, அந்த அரை மணியில் எல்லோரும் வடாபாவ் சாப்பிட்டு, பிறகு ஆரம்பம். ஃபைபர் தீர்மானம் பெரிய சண்டை இல்லாமல் நிறைவேறியது. சண்டை வந்தது இரண்டாவது தீர்மானத்தில்.

கேட் பக்கத்தில், வாட்ச்மேன் கூண்டின் மேல் ஒரு பி.எம். வாணி வை-ஃபை வைக்கலாம் என்றேன். எங்கள் கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் இருந்து வருகிறவர்கள், அதில் பலர் நம் தமிழ்ப் பெண்கள். எங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் ஒரே போன், தினம் ஒன்றரை ஜி.பி. "அண்ணா, அவன் பாடத்தப் பாத்து முடிக்கறதுக்குள்ள டேட்டா தீந்துடுது, நான் ஊருக்குப் பேசறதே இல்ல" என்று ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னார். பத்து ரூபாய்க்கு ஒரு நாள் முழுக்க என்றால் அவருக்கு அது பெரிய விஷயம்.

"நம் கேபிள், நம் கரண்ட், வெளியாளுக்கு எதற்கு?" என்று ஒரு கட்சி. "கேட் பக்கம் கூட்டம் நிற்கும், கார் எடுக்க முடியாது" என்று ஒருவர். பாதுகாப்பு, போலீஸ் என்று ஒருவர் பயமுறுத்தினார். உபயோகிப்பவர் தன் போன் நம்பரைச் சரிபார்த்துத்தான் நுழைய முடியும், அந்தக் கணக்கு நடுவர் நிறுவனத்தின் பொறுப்பு என்று விளக்கினேன். கரண்ட் ஒரு பல்பு அளவுகூட ஆகாது என்றேன். அப்போதுதான் நல்லவாட்டுக் கதையைத் திரும்ப இழுத்தேன். எல்லோரும் உள்ளே வரலாம் என்று நிபந்தனை போட்டதால்தானே அந்த மையம் ஊருக்குச் சொந்தமாயிற்று என்றேன். சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அங்கே கடல் இருந்தது, இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார் கார்க்காரர்.

ஆஜி எழுந்து, 2005 ஜூலை 26 என்றார். அந்த நாளில் மும்பையில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது எல்லோருக்கும் தெரியும். ஆஜியின் வீட்டுக்காரர் அன்று ராத்திரி வீடு வரவில்லை. போன் எதுவும் வேலை செய்யவில்லை. மறுநாள் மதியம் வரைக்கும் அவர் எங்கே என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அவர் பத்திரமாகக் குர்லாவில் இருக்கிறார் என்று இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துவந்து சொன்னது, தண்டவாளப் பக்கத்துக் குடிசையிலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் பெண். மராத்தியில் சொன்னதால் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை, பக்கத்தில் இருந்தவர் சொல்லி மீதியைப் புரிந்துகொண்டேன்.

ஓட்டெடுப்பு அன்று நடக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இதற்கிடையில் ஃபைபர் வேலை ஆரம்பித்துவிட்டது. டக்டில் இடம் இல்லை என்றார்களே, திறந்து பார்த்தால் கை நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிறது. ஒன்பதாவது மாடி வரைக்கும் இழுத்தாகிவிட்டது. கீழ்ப் பெட்டியின் சாவி செக்ரட்டரியிடமா, வாட்ச்மேன் கூண்டிலா என்று ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமி வாட்ச்மேன் கட்சி. இரண்டாவது தீர்மானத்துக்கு நேற்று ராத்திரி வரைக்கும் 27 வீட்டுக் கையெழுத்து, இன்னும் இரண்டு வந்தால் பாதிக்கு மேல். இன்றைக்குப் பன்னிரண்டாவது மாடியிலிருந்து இறங்கவேண்டும்.